யாழும் இருபது பக்கப் பகடையும்: பாணர் கேரக்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில், கத்ர் போர்ன் ஊரில், கோர் தெ கார்த் மலை தெரிகிற ஒரு வராந்தாவில் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஐந்து பேர் கற்பனை உலக ரோல்பிளே ஆட்டம் ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்துவார், அவரை டிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள், முயற்சி பலிக்குமா என்று பார்க்க இருபது பக்கப் பகடை உருட்டுவார்கள். பேச்சு பாதி கிரியோல், பாதி தமிழ். விதிப்புத்தகம் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். புதிதாக வந்து உட்காருகிறவர்கள் அதிகம் கேட்பது ‘பார்ட்’ என்ற கிளாஸை, அதாவது கேரக்டரின் தொழில் வகையைப் பற்றித்தான். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பார்ட் என்றால் யார்? நீங்கள் ஏன் ‘பாணர்’ என்கிறீர்கள்?

பாட்டாலும் கதையாலும் மந்திரம் செய்கிற கேரக்டர் பார்ட். கொஞ்சம் வாள் பிடிக்கவும் தெரியும், கொஞ்சம் காயம் ஆற்றவும் தெரியும். பேசியே காரியம் சாதிக்கிற ஆள். அந்தச் சொல் அயர்லாந்து, வேல்ஸ் பக்கத்துக் கெல்டிக் மொழிகளிலிருந்து வந்தது. அங்கே அரசர்களின் வம்சத்தை மனப்பாடமாக வைத்திருந்து புகழ்ந்தும் பழித்தும் பாடிய புலவர்களுக்கு அந்தப் பெயர்.

நம்மிடமும் இதே வேலையைச் செய்தவர்கள் இருந்தார்கள். யாழைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆடுகிற விறலியோடும் குடும்பத்தோடும் ஊர் ஊராகப் போய், வள்ளல்களைப் பாடிய பாணர்கள். இரண்டு மரபுக்கும் உறவு இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் டேபிளில் ‘பாணர்’ என்று சொன்ன உடனே, இது தெருவில் நடந்து களைத்த ஒரு மனிதர் என்ற படம் மனசில் வந்துவிடுகிறது. இறகு வைத்த தொப்பியும் கையில் கிடாரும் என்கிற படம் போய்விடுகிறது. எனக்கு அது முக்கியம்.

ஆட்டத்தில் பாணர் உண்மையில் என்ன செய்கிறார்?

மற்றவர்களைத் தேற்றுகிறார். இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மீதி எல்லாம் இதில்தான் நிற்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், 2014 விதிகளின்படி, பாணர் தன் முறை வரும்போது ஒரு சிறு துணைச் செயலாக, 60 அடிக்குள் தன் குரலைக் கேட்கக்கூடிய இன்னொருவருக்கு ஓர் ஊக்கப் பகடையைக் கொடுக்கலாம். முதலில் அது ஆறு பக்கப் பகடை. 5ஆம் லெவலில் எட்டு பக்கம், 10இல் பத்து பக்கம், 15இல் பன்னிரண்டு பக்கம் என்று வளரும். வாங்கியவர் அடுத்த பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு முயற்சியில் தன் இருபது பக்கப் பகடையோடு அதையும் உருட்டிக் கூட்டிக்கொள்வார். 2024 விதிகளில் இது இன்னும் இளகியது: ஒரு மணி நேரம் கையில் வைத்திருக்கலாம், முயற்சி தோற்ற பிறகு எடுத்து உருட்டலாம்.

கவனியுங்கள், பாணர் இந்தப் பகடையைத் தனக்கே வைத்துக்கொள்ள முடியாது. கொடுக்கத்தான் முடியும். அது எத்தனை முறை என்பதும் அவருடைய வசீகர எண்ணைப் பொறுத்து மூன்று, நான்கு, ஐந்து என்று குறைவுதான். ஆகவே நல்ல பாணர் ஆட்டக்காரர் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். யார் பயந்திருக்கிறார்? யாருடைய முறை அடுத்தது? கயிற்றுப் பாலத்தில் யார் காலை வைக்கப் போகிறார்? ஆட்டம் சூடாகும் நேரத்தில் இப்படிக் கவனிக்கிற ஓர் ஆள் இருந்தால் டேபிளே மாறிவிடும்.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ரோல்பிளே ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் வேறு வழி. அங்கே பாணர் ஒரு வீரப்பாட்டை எடுத்தால் சுற்றி 60 அடிக்குள் இருக்கும் தோழர்கள் எல்லோருக்கும் அடியிலும் தாக்கத்திலும் ஒன்று கூடும், அச்சத்தைத் தாங்கும் முயற்சியிலும் ஒன்று கூடும். ஆனால் அது ஒரு சுற்றுக்குத்தான் நிற்கும். அடுத்த சுற்றில் மறுபடி பாட வேண்டும். ஒன்று என்பது சின்ன எண்தான், ஆனால் நான்கு பேருக்கு, சுற்றுக்குச் சுற்று என்று கணக்குப் போட்டால் சண்டையின் போக்கையே அது திருப்பும். எனக்கு இந்த முறை கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். பாடுகிறவருக்கு மூச்சு வாங்குவது விதியிலேயே இருக்கிறது.

இந்த கிளாஸ் எப்போது வந்தது?

1976 பிப்ரவரியில் டக் ஷ்வெக்மன் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் இதை முதலில் எழுதினார். கெல்டிக் பாணர், வடதேசத்துப் புலவரான ஸ்கால்டு, தெற்கு ஐரோப்பாவின் ஊர்சுற்றிப் பாடகர் மூவரையும் கலந்ததாக அவரே சொன்னார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1978 விதிப்புத்தகத்தில் அது பின்னிணைப்புக்குப் போனது. முதலில் வீரனாகச் சில லெவல், பிறகு திருடனாகச் சில லெவல், அதற்கும் பிறகுதான் துருயிடு என்ற கெல்டிக் பூசாரிகளிடம் பாடம் கேட்டுப் பாணர் ஆக முடியும். 1989இல் அது திருடர் வகையோடு சேர்ந்தது. 2000இல் தனி கிளாஸ் ஆனது. 2014இல்தான் ஒன்பதாம் நிலை வரை மந்திரம் உள்ள முழு மந்திரக்காரராக உயர்ந்தது.

பாணர் பலவீனமான கேரக்டர் என்கிறார்களே?

பழைய பதிப்புகளில் எல்லாவற்றிலும் அரைகுறை என்ற பேச்சு நியாயம்தான். இப்போது இல்லை. அடித்து விழுத்திய கணக்கை மட்டும் பார்த்தால் குறைவாகத் தெரியும். ஊக்கப் பகடையால் வென்ற அடியையும் அவர் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

பாட்டு எப்படி மந்திரம் ஆகும்? கேட்கவே நம்பும்படி இல்லையே?

தமிழ் படித்தவர் இதைக் கேட்கும்போதுதான் எனக்கு வருத்தம். விதிப்புத்தகத்தில் இருக்கும் இசை மந்திரங்களில் பாதி சங்கப் பாட்டுகளில் இருக்கிறது.

தூங்க வைக்கும் மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அகநானூறு 102ஆம் பாட்டில், தினைக்காவல் பரண் பக்கத்தில் ஒரு பெண் கூந்தலை உலர்த்திக்கொண்டே குறிஞ்சிப்பண் பாடுகிறாள். கதிரை மேய வந்த களிறு தின்னவும் இல்லை, நகரவும் இல்லை. நின்ற இடத்திலேயே தூங்கிவிடுகிறது.

கோபத்தைத் தணிக்கும் மந்திரம்? பொருநராற்றுப்படையில், பாலைப்பண் கேட்டு வழிப்பறிக் கள்வர்கள் கையிலிருந்த ஆயுதத்தைக் கீழே போடுகிறார்கள். ‘ஆறலை கள்வர் படைவிட’ என்பது அந்த வரி. குத்துக்கோலுக்கு அடங்காத மதயானை யாழுக்கு அடங்குவதைக் கலித்தொகை உவமையாகவே எடுத்துக்கொள்கிறது.

காயம் ஆற்றுவது இன்னும் அழகு. புறநானூறு 281இல் போரில் அடிபட்ட ஒருவன் வீட்டுக்குள் கிடக்கிறான். பெண்கள் வாசலில் இரவ இலையும் வேப்பிலையும் செருகுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், ஆம்பற்குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், யாழும் மற்ற வாத்தியங்களும் ஒலிக்கக் காஞ்சிப்பண் பாடுகிறார்கள், நறும்புகை போடுகிறார்கள். ‘வாருங்கள், அவனைக் காப்போம்’ என்று அழைக்கிறது பாட்டு. 2014 விதிகளில் பாணருக்கு ஓய்வுப் பாட்டு என்று ஒன்று இருந்தது. சிறு ஓய்வின்போது அவர் பாடினால், காயம் ஆற்றிக்கொள்ளும் தோழர்களுக்கு இன்னும் ஒரு பகடை உயிர்ப்புள்ளி கிடைக்கும். 2024இல் அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் டேபிளில் நாங்கள் எடுக்கவில்லை. அந்தப் புறநானூற்றுப் பாட்டைப் படித்துக் காட்டிய பிறகு யாருக்கும் எடுக்க மனசு வரவில்லை. இப்போது ஓய்வு நேரம் வந்தால் ஒருவர் இலை செருகுகிறார், ஒருவர் புகை போடுகிறார், பாணர் பாடுகிறார். எல்லோருக்கும் அதில் வேலை இருக்கிறது.

அப்புறம் அசுணம். இசைக்கு மயங்கி வரும் ஒரு விலங்காகச் சங்கப் பாட்டுகள் அதைச் சொல்கின்றன. வேடர்கள் யாழ் வாசித்து அதை வெளியே வரவழைத்து, திடீரென்று பறையை அடிப்பார்கள், அந்த அதிர்ச்சியில் அது உயிரை விடும். அசுணத்தைக் கொல்பவர் கை இன்பமும் தரும் துன்பமும் தரும், தலைவன் மார்பும் அப்படித்தான் என்கிறாள் நற்றிணைத் தலைவி (304). இந்த விலங்கை ஒருமுறை என் கதையில் காட்டுக்குள் விட்டேன். பாணராக ஆடிய பெண்ணுக்கு அதைப் பிடித்துத் தரும் வேலை, கூலி நூறு பொன். அவள் யாழை எடுத்தாள், அது வந்து மடியருகே நின்றது. பறை அடிக்க வேண்டிய நேரத்தில் அவள் பறையைக் கிழித்துவிட்டாள். கூலி போனது, அசுணம் கூடவே வந்தது, இன்றைக்கும் அந்தக் கூட்டத்தோடு இருக்கிறது.

ஏச்சால் காயப்படுத்தும் மந்திரம் ஒன்று உண்டாமே?

உண்டு. விதியில் அது மிகச் சின்ன மந்திரம். எதிரி காதில் விழும்படி ஓர் இகழ்ச்சி சொன்னால், மன உறுதிச் சோதனையில் அவர் தோற்றால், நான்கு பக்கப் பகடை அளவு (2024இல் ஆறு பக்கம்) மனசில் அடி விழும். அதைவிடப் பெரிய விஷயம், அவருடைய அடுத்த தாக்குதல் தடுமாறும்.

இதைக் கெட்ட வார்த்தை சொல்லும் வாய்ப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இரண்டு சனிக்கிழமை சிரிப்பு வரும், மூன்றாவதில் அலுக்கும். நான் அவ்வையாரைக் காட்டுவேன். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். அவ்வை சொன்னது புறநானூற்றில் 95ஆம் பாட்டு. உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலுக்குள் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேலோ எதிரிகளைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. ஒரு வசைச்சொல் கூட இல்லை. கேட்டவன் அடுத்த முறை வாளை எடுக்கும்போது கை நடுங்கியிருக்கும்.

ஆகவே எங்கள் டேபிளில் ஒரு விதி: புகழ்வது போல இகழ்ந்தால் டிஎம் சோதனை எண்ணை இரண்டு கூட்டுவார். இந்த விதி வந்த பிறகு பிள்ளைகள் யோசித்துப் பேசுகிறார்கள்.

எனக்குப் பாட வராது. நான் பாணராக ஆடலாமா?

தாராளமாக. வாள்வீசத் தெரியாதவர்தானே வீரனாக ஆடுகிறார்? ‘என் பாணர் மழைக்கு முன்னால் வரும் காற்று மாதிரி மெல்ல ஒரு பாட்டை எடுக்கிறார்’ என்று சொன்னால் போதும். பாட்டு என்ன என்பதைவிட, கேட்டவருக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லுங்கள். கண் கலங்கியதா, பிடி தளர்ந்ததா, பழைய வீடு ஞாபகம் வந்ததா?

கூட்டாகச் செய்வது இன்னும் சுலபம். நம் தீவில் கிழவிமார் விடுகதை போடுமுன் ‘சிரந்தான்!’ என்பார்கள், பிள்ளைகள் ‘சாம்பெக்!’ என்று கத்துவார்கள். கதை சொல்கிறவருக்கும் கேட்கிறவர்களுக்கும் நடுவில் ஒரு கதவு திறந்த மாதிரி இருக்கும். எங்களில் ஒருவர், கூச்சம் மிகுந்த பையன், தன் பாணருக்கு இதையே ஊக்கப் பகடையாக வைத்துக்கொண்டார். அவர் ஒரு சொல் சொல்வார், பகடை வாங்குகிறவர் பதில் சொல் சொல்ல வேண்டும். ஒரு ராகமும் தேவைப்படவில்லை.

சைக்குளோன் எச்சரிக்கை மூன்று போட்டிருந்த ஓர் இரவு, கரண்ட் போய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாங்கள் வீட்டுக்குள்ளேயே ஆடினோம். பகடையில் என்ன விழுந்தது என்று கூடச் சரியாகத் தெரியவில்லை. காற்று சத்தத்துக்கு மேலே அந்தப் பையன் ‘சிரந்தான்!’ என்று சொன்னதும் உள்ளறையிலிருந்து எங்கள் பாட்டி ‘சாம்பெக்!’ என்று பதில் கொடுத்தார். பகடையைப் பாட்டிக்கே கொடுத்தோம்.

என்ன வாத்தியம் வைத்துக்கொள்ளலாம்?

விதிப்படி பாணருக்கு வாத்தியமே மந்திரக்கோல். எந்த வாத்தியம் என்பது உங்கள் இஷ்டம். பட்டியலில் லூட், லையர் என்ற ஐரோப்பிய நரம்பு வாத்தியங்கள் இருக்கின்றன என்பதற்காக அதிலேயே நிற்க வேண்டாம்.

யாழ் என்றால் சிறியதா பெரியதா என்று முடிவு செய்யுங்கள். சீறியாழ் ஏழு நரம்பு, நடந்துகொண்டே வாசிக்கலாம். பேரியாழுக்கு 21 நரம்பு என்பார்கள், அதைத் தூக்கிக்கொண்டு குகைக்குள் தவழ முடியாது. யாழின் பத்தர் என்ற குடப்பகுதியை, தோல் போர்வையை, நரம்பை எல்லாம் பொருநராற்றுப்படை தொடக்கத்திலேயே நுணுக்கமாகச் சொல்கிறது. அந்தப் பகுதியை ஒருமுறை படித்துவிட்டால் உங்கள் பாணர் தன் யாழைத் தொடுகிற விதமே மாறும்.

ஆனால் மொரீஷியஸில் இருந்துகொண்டு ராவானை நினைக்காமல் இருக்க முடியாது. மர வளையத்தில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய அகலமான முரசு. அடிமைகளாக இங்கே கொண்டுவரப்பட்டவர்கள் வளர்த்த சேகா பாட்டின் உயிர் அதுதான். பாரம்பரிய சேகாவை யுனெஸ்கோ 2014இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும், அதனால் வாசிக்குமுன் நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். தமிழ்நாட்டில் பறையடிப்பவர்களும் வைக்கோல் தீயில் அப்படியே காய்ச்சுகிறார்கள். இரண்டு கடலோரத்து மனிதர்கள், தோலும் தீயும் ஒன்று. முரசு வாசிக்கும் பாணர் எங்கள் டேபிளில் ஒவ்வோர் ஓய்விலும் தோலைக் காய்ச்ச வேண்டும். மழையில் நனைந்தால் ஊக்கப் பகடை ஒரு படி இறங்கும். எதிரிகள் தீ மூட்டவிடாத இடத்தில் மாட்டிக்கொண்டால் அதுவே ஒரு கதை.

தவில் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். விரல்களுக்குப் போடும் கூடுகளையும் கோலையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒளிந்து போகும் வேலைக்கு அந்தக் கேரக்டரை எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

தேவாரம், திருப்புகழ், காவடிப் பாட்டுகளை மந்திரமாகப் பயன்படுத்தலாமா?

எங்கள் டேபிளில் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். மறைக்காட்டுக் கோயில் கதவு அப்பர் பாடத் திறந்தது, சம்பந்தர் பாட அடைத்தது என்ற வரலாற்றைவிடப் பெரிய இசைக்கதை கிடையாது. ‘பாட்டுக்குத் திறக்கும் கதவு’ என்ற அமைப்பை நான் கதையில் வைத்திருக்கிறேன். பதிகத்தை வைக்கவில்லை. தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்து காவடி தூக்கிப் பாடும் பாட்டை, மறுவாரம் பூதத்தின் மேல் பகடை உருட்டிப் பாட நினைத்தால் என் அம்மாவின் முகம் நினைவுக்கு வருகிறது. உங்கள் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். புதிதாக நான்கு வரி எழுதிக்கொள்வது ஒன்றும் கஷ்டமில்லை.

பாணரை எதிரி எப்படி மடக்குவார்?

நிசப்த மந்திரத்தால். இரண்டாம் நிலை மந்திரம், 20 அடி ஆர வட்டத்துக்குள் எந்த ஒலியும் எழாது, சொல்லால் செய்யும் மந்திரங்கள் அங்கே நடக்காது. வட்டத்தை விட்டு ஓடுவதுதான் வழி.

கம்ப்யூட்டர் ஆட்டங்களில் பாணர் எப்படி?

1985இல் வந்த ‘தி பார்ட்ஸ் டேல்’ ஆட்டத்தில் பாணர் சில பாட்டுக்குப் பிறகு தொண்டை வறண்டுபோவார், மதுக்கடைக்குப் போய்க் குடித்தால்தான் மறுபடி பாட்டு வரும். வள்ளல் வீட்டுக் கள்ளைப் பாடிய நம் பாணர்கள் இதை ஒப்புக்கொண்டிருப்பார்கள். 1999இல் தொடங்கிய ‘எவர்க்வெஸ்ட்’டில் ஒரு பாட்டின் பலன் சில நொடிதான் நிற்கும், ஆகவே கைதேர்ந்தவர்கள் மூன்று நான்கு பாட்டை மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டே இருப்பார்கள். விரலுக்கு உண்மையிலேயே தாளம் வேண்டும். 2023இன் ‘பால்டர்ஸ் கேட் 3’ பாணரை ஆடிப் பார்த்துவிட்டு எங்கள் டேபிளுக்கு இருவர் வந்தார்கள்.

நான் டிஎம். பாணரை வைத்து முதல் கதையை எப்படித் தொடங்குவது?

ஆற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை. முருகனிடம் வழிகாட்டும் ஒன்றை விட்டால் மற்ற நான்கும் ஒரே சந்திப்பு. வள்ளலிடம் பரிசு வாங்கித் திரும்பும் ஒருவர், வழியில் வறுமையோடு வரும் இன்னொரு கலைஞரைப் பார்த்து, ‘இந்தப் பாதையில் போ, இன்னாரிடம் போ’ என்று வழி சொல்கிறார். பணி, பாதை, ஆபத்து, பரிசு எல்லாம் ஒரே வாயிலிருந்து வந்துவிடும்.

அதிலும் மலைபடுகடாம் டிஎம்முக்கென்றே எழுதியது போல இருக்கும். 583 அடி. நன்னனிடம் போகும் மலைவழியில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும், எங்கே பாசியில் கால் வழுக்கும், தினைப்புனம் காப்பவர் யானைக்கு எறியும் கவண்கல் எப்படிப் பறந்து வரும், இரவு எந்த வீட்டில் எதைச் சாப்பிடத் தருவார்கள் என்று ஒவ்வொன்றாக வருகிறது.

உங்கள் கதையை இப்படித் தொடங்குங்கள். சாயங்காலம், முச்சந்தி, புளியமரம். புதுத்துணி உடுத்தி, தலையில் பொற்றாமரை சூடிய ஒரு முதிய பாணர் எதிரே வருகிறார். உங்கள் ஆட்டக்காரர்களின் கிழிந்த துணியைப் பார்க்கிறார், நிற்கிறார். மூன்று ஆபத்தையும் ஓர் அரசியின் பெயரையும் சொல்கிறார். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் இப்போது உண்மையில்லை, ஏனென்றால் அவர் கிளம்பி வந்து பத்து நாள் ஆகிறது. எது என்று நீங்கள் மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் போகும்போது பாணராக ஆடுகிறவரிடம் தன் யாழை நீட்டி, ‘இதன் நான்காம் நரம்பு தளர்ந்திருக்கிறது, அரண்மனை வாசலுக்கு முன்னால் மாற்றிக்கொள்’ என்கிறார்.